ரிலீஸ்னா எல்லாத்துக்கும் "விடுவிப்பு" தானா?

"நிதியை விடுவித்தது அரசு"ன்னு டிவி ஸ்க்ரோல்ல இன்னிக்கும் ஓடுச்சு, இந்த வாரத்துல எத்தனாவது தடவைன்னு எண்றதயே விட்டுட்டேன். இங்கிலீஷ்ல ரிலீஸ்னு பாத்தாலே விடுவிப்புன்னு டைப் அடிச்சிடறாங்க.

ரிலீஸோட பூர்வீகம் லத்தீன். லக்ஸுஸ்னா தளர்ந்தது, ரெலக்ஸாரேன்னா தளர்த்தி விடறது. அது பழைய பிரெஞ்சு வழியா வந்து ரிலீஸ் ஆச்சு, அதே சொல்தான் ரிலாக்ஸும் ஆச்சு, குத்தகைக்கு சொல்ற லீஸும் இந்தக் குடும்பம்தான். லூஸ் மட்டும் வேற, அது நார்ஸ்ங்கற பழைய ஸ்காண்டிநேவிய மொழிச் சொல்லு.

பிடிய தளர்த்தறதுன்னு ஆரம்பிச்சத கைதி, தண்ணி, படம், பணம், ஹார்மோன்னு இங்கிலீஷ்ல நீட்டிக்கிட்டே போயிட்டாங்க. நாமளும் ஒத்த சொல்ல வெச்சு அவ்ளோ தூரம் இழுக்கணும்னு என்ன கட்டாயம்? விடுவின்னாலே ஒரு கட்டு இருக்கணும், யாரோ பிடிச்சு வெச்சிருக்கணும். கைதிய விடுவிக்கலாம். இலங்கையில ராணுவம் பிடிச்சு வெச்சிருந்த காணிகளுக்கு "காணி விடுவிப்பு"ன்னு எழுதறாங்க, நூத்துக்கு நூறு சரி. பத்திர ஆபீஸ்ல அண்ணன் தம்பி தன் பங்க விட்டுக்கொடுத்து எழுதறது விடுதலைப் பத்திரம், அதுவும் அழகா பொருந்துது.

ஆனா ஜூன் 12 வந்தா டெல்டாவுல "மேட்டூர்ல தண்ணி தெறந்தாச்சா"ன்னுதான் கேப்பாங்க, விடுவிச்சாச்சான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. படம் வெளியாகும், திரைக்கு வரும். ஒரு மருத்துவக் கட்டுரையில "கணையம் இன்சுலினை விடுவிக்கிறது"ன்னு படிச்சப்ப எனக்கு மனசே ஆறல. பால் சுரக்கும், ஊத்து சுரக்கும், அதனாலதான் அந்த உறுப்புக்கே சுரப்பின்னு பேரு, அப்பறம் அது எதுக்கு விடுவிக்கணும்? தமிழ்ல யோசிக்காம அகராதிய மட்டும் பாத்து எழுதினா இப்படித்தான் ஆகும்.

நிதிக்கு வருவோம். ஒரு நண்பர் சொன்னார், பட்ஜெட்ல ஒதுக்கறது வேற, பணம் கைக்கு வர்றது வேற, அந்த வித்தியாசத்தக் காட்டத்தான் விடுவிப்புன்னு. வித்தியாசம் தெரியணும்கறது நியாயம்தான், ஆனா அதுக்கு "ஒதுக்கினாங்க, இன்னும் கொடுக்கல"ன்னா போதுமே, கிராமத்துப் பாட்டிக்கும் புரியும். விடுவிச்சாங்கன்னு சொல்றப்ப, கொடுக்க வேண்டிய பணத்த கொடுத்ததே ஏதோ சலுகை மாதிரி தொனிக்குது, எனக்கு அதுதான் ரொம்ப உறுத்துது. நிஜமாவே நிறுத்தி வெச்சிருந்த நிதின்னா விடுவிப்புன்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். வழக்கமா வர்ற தவணைக்கு கொடுத்தாங்க, இல்ல வழங்கினாங்கன்னு எழுதுங்க.