அசிடோசிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது, மாட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது

கறவை மாடு வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் அடிக்கடி கேட்கும் சொல் அசிடோசிஸ். தீவனத்தால் வரும் செரிமானக் கோளாறுகளில் சத்தமில்லாமல் அதிக நட்டம் வைப்பது இதுதான். சொல்லைக் கேட்டவுடன் பலருக்கும் நெஞ்செரிச்சல்தான் நினைவுக்கு வரும். ‘மாட்டுக்கும் அசிடிட்டியா?’ என்பார்கள். இரண்டும் வேறு வேறு. நமக்கு வரும் நெஞ்செரிச்சலில் தொந்தரவு தருவது நம் இரைப்பையே சுரக்கும் அமிலம். மாட்டின் அசிடோசிஸில் அமிலத்தை உண்டாக்குவது மாடு அல்ல, அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்.

சொல்லில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. முன்துண்டு லத்தீனின் ‘அசிடுஸ்’, புளிப்பானது என்று பொருள். பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஓசிஸ்’ கிரேக்க ஈறு. ஒரு நிலையைக் குறிப்பது, மருத்துவத்தில் பெரும்பாலும் நோய்நிலையை. நீரிழிவு ஆய்வில் பெயர்பெற்ற ஜெர்மன் மருத்துவர் பெர்ன்ஹார்ட் நவுனின், நோயாளியின் உடலில் அமிலம் சேர்ந்துபோவதைச் சொல்ல இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே பேச்சு ரத்தத்தைப் பற்றியது. மாட்டு வைத்தியத்துக்கு வந்தபோது முன்னால் மாட்டின் முதல் இரைப்பையைக் குறிக்கும் ‘ரூமன்’ சேர்ந்து ‘ரூமன் அசிடோசிஸ்’ ஆனது. அதற்கு முன் இதை வெறும் அஜீரணம் என்றே எழுதினார்கள். 1952இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் ஹங்கேட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் தானியத்தை அளவுமீறித் தின்ற செம்மறி ஆடுகளின் வயிற்றில் நுண்ணுயிர்க் கூட்டமே மாறிப்போவதை விவரித்தார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பில்கூட ‘கடும் அஜீரணம்’ என்றுதான் இருந்தது.

ரூமன் என்பதும் லத்தீன்தான், தொண்டை என்று பொருள். அதிலிருந்து பிறந்த வினைச்சொல் அசைபோடுவதைக் குறித்தது, பிறகு ஒன்றைத் திரும்பத் திரும்ப யோசிப்பதையும் குறித்தது. தமிழிலும் பழைய நினைவுகளை அசைபோடத்தானே செய்கிறோம்! யாரிடமிருந்தும் யாரும் கடன் வாங்கவில்லை. மாட்டை உட்கார்ந்து பார்த்த இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. ரூமனுக்குப் பாடநூல்களில் அசையூண் இரைப்பை, முதல் இரைப்பை என்றெல்லாம் பெயர் உண்டு. எனக்கு அசையூண் இரைப்பைதான் பிடிக்கும். வேலையைச் சொல்லும் பெயர் அது.

சரி, அசிடோசிஸுக்குத் தமிழில் என்ன? அதிகம் புழங்குவது ‘அமிலத்தன்மை’. இதில் ஒரு சிக்கல். அசையூண் இரைப்பையில் எப்போதும் கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கத்தான் செய்யும். நல்ல ஆரோக்கியமான மாட்டிலும் அங்கே பிஎச் அளவு (அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் கூடுதல்) பெரும்பாலும் 6க்கும் 7க்கும் இடையில் நிற்கும். ஆக, அமிலத்தன்மை என்பது ஒரு குணம், நோய் அல்ல. ‘அமில நோய்’ என்றால் புரிகிறது, ஆனால் என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. அமிலம் என்பதே வடமொழி ‘அம்ல’ என்பதன் வழிவந்தது என்று சொல்லி, அதற்குப் பதில் ‘காடி’ என்ற பழஞ்சொல்லை வைக்க விரும்புவோர் உண்டு. காடி நல்ல சொல்தான். புளிக்கவைத்த கஞ்சிக்கும் புளித்த நீருக்கும் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. மாட்டு வயிற்றில் நடப்பதும் நொதித்துப் புளிப்பதுதான் என்பதால் பொருத்தமும் கூட. ஆனால் இன்று ‘காடி நோய்’ என்றால் மாடு வளர்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

நான் தேர்ந்தெடுப்பது அமிலத்தேக்கம். மாட்டுக்குச் சொல்லும்போது வயிற்று அமிலத்தேக்கம். காரணம், நோயின் இயக்கமே தேக்கம்தான். மாடு தின்றதை நுண்ணுயிரிகள் நொதிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை கழிவு அல்ல. மாட்டுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி இவற்றிலிருந்தே கிடைக்கிறது. இரைப்பைச் சுவர் இவற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் மிச்ச அமிலத்தைச் சமன்செய்யும். பெரிய கறவை மாடு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும், அதுவும் அசைபோடும்போது நிறைய. உற்பத்தி, உறிஞ்சல், சமன்செய்தல் மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கிறவரை பிரச்சினை இல்லை. தானியமும் அடர்தீவனமும் கூடி, நார்ச்சத்து குறைந்தால் அமிலம் வேகமாக உண்டாகும். மெல்ல வேண்டிய நார் இல்லாததால் அசைபோடுதல் குறையும், உமிழ்நீரும் குறையும். வருவது கூடிப் போவது குறைந்தால் தேங்கத்தானே செய்யும்?

கன்று ஈன்றதும் ஆபத்து அதிகமாவது இதனால்தான். சினைக்காலக் கடைசியில் நார்த்தீவனத்தில் இருந்த மாட்டுக்குத் திடீரென அடர்தீவனத்தை ஏற்றுகிறோம். மாவுச்சத்துக்கு ஏற்றபடி நுண்ணுயிரிகள் மாற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். உறிஞ்சும் பரப்பைத் தரும், இரைப்பைச் சுவரில் உள்ள விரல்போன்ற நீட்சிகள் வளர 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம்.

இன்னொரு சொல்லையும் பார்த்துவிட வேண்டும். நோயில் இரண்டு வகை. ஒன்று ‘அக்யூட்’, அதாவது கடுமையானது. மாடு கட்டவிழ்ந்து தானிய மூட்டையில் வாய் வைத்துவிட்டால் வருவது. இரைப்பையில் லாக்டிக் அமிலம் பெருகி பிஎச் 5க்கும் கீழே இறங்கும். ஒரு நாளுக்குள் மாடு தீவனத்தைத் தொடாது, அசைபோடாது, வயிறு அசைவின்றிக் கிடக்கும். புளித்த வாடையோடு தண்ணீராகக் கழியும், கண் குழிவிழும், தள்ளாடும், படுத்தால் எழாது. கன்று ஈன்றதை ஒட்டி ரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சல் என்று தவறாக நினைக்கவும் இடமுண்டு. இதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, மருத்துவரை உடனே கூப்பிட வேண்டியதுதான்.

மற்றது ‘சப் அக்யூட்’. இதைத் தமிழில் ‘மறைநிலை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ‘சப் கிளினிக்கல்’ என்பதற்குப் பொருந்தும் சொல், அதாவது வெளியே அறிகுறியே தெரியாத நோய். ‘சப் அக்யூட்’ என்றால் கடுமைக்கு ஒரு படி கீழே என்று மட்டுமே பொருள். மிதமான அமிலத்தேக்கம் என்றால் போதும். மறைநிலை என்று படித்துவிட்டு ‘எப்படியும் தெரியாதே’ என்று விட்டுவிடுகிறார்கள். தெரியும். தினமும் சில மணி நேரம் பிஎச் 5.5 – 5.8க்குக் கீழே இறங்கி மறுபடி ஏறும் இந்த வகை, ஒரே ஒரு மாட்டை உற்றுப் பார்த்தால் பிடிபடாது. கூட்டமாகப் பார்த்தால் பிடிபடும்.

முதலில் வாயைப் பாருங்கள். தின்று முடித்து மாடுகள் ஓய்வாகப் படுத்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளம் மேலே வந்ததிலிருந்து விழுங்கும்வரை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணலாம். 50 முதல் 70 வரை வந்தால் நன்று, அதற்குக் கீழே தொடர்ந்து வந்தால் நார்ச்சத்தில் குறை இருக்கிறது. ஆரோக்கியமான மாடு ஒரு நாளில் 7 முதல் 9 மணி நேரம் அசைபோடும். கழுத்துப் பட்டைக் கருவி இதை நிமிடக் கணக்கில் காட்டிவிடும் என்றாலும், கருவி இல்லை என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

அப்புறம் சாணம். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. சரியான சாணம் விழும்போது கூழ்போலப் பரவி, சில சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும், நடுவில் சின்னக் குழி இருக்கும். அமிலத்தேக்கம் இருந்தால் இளகி, பளபளப்பாக, சிறுசிறு குமிழிகளோடு பரவும். ஒரே தீவனம் தின்னும் மாடுகளில் ஒன்றின் சாணம் கெட்டியாகவும் இன்னொன்றினுடையது நீர்த்தும் இருந்தால் அதுவே சந்தேகப்பட வேண்டிய இடம்: சில மாடுகள் அடர்தீவனத்தை மட்டும் பொறுக்கித் தின்கின்றன என்று அர்த்தம். இன்னும் நெருங்கிப் பார்க்க, ஒரு கை சாணத்தைச் சல்லடையில் போட்டு, நீர் தெளியும்வரை தண்ணீர்விட்டு அலசுங்கள். மிஞ்சுவதைக் கையில் பிழிந்து விரித்தால் தெரியும். முழுத் தானியம் தட்டுப்படுகிறதா? ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான நார் நிறைய இருக்கிறதா? குடல்தோல் உரிந்ததுபோல் சவ்வுத்துண்டு, சளிபோன்ற இழை ஏதாவது ஒட்டுகிறதா? அந்தச் சவ்வுதான் முக்கியம். இரைப்பையில் செரிக்காத மாவுச்சத்து பின்குடலுக்குப் போய் அங்கேயும் நொதித்து, சுவரைப் புண்ணாக்கியிருக்கிறது.

பாலின் கொழுப்பு குறைவதும் அறிகுறிதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. கன்று ஈன்ற புதிதில் மாடு தன் உடல்கொழுப்பைக் கரைத்துப் பாலில் சேர்ப்பதால், அமிலத்தேக்கம் இருந்தும் கொழுப்பு அளவு நன்றாகவே தெரியும். தீவனத்தில் எண்ணெய் அதிகமானாலும் கொழுப்பு இறங்கும். பல மாடுகளின் பால் ஒன்றாகக் கலந்த தொட்டியில் அளந்தால் பாதிக்கப்பட்ட மாடுகள் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். மாடு மாடாக எடுத்து, கொழுப்பு புரதத்துக்கும் கீழே போகிறதா என்று பார்த்தால் ஓரளவு உதவும். நொண்டலும் குளம்பு அழற்சியும் வாரங்கள், மாதங்கள் கழித்து வருபவை. அவை இப்போதைய தீவனத்தை அல்ல, பழைய தீவனத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ஒரு நாள் நிறையத் தின்பது, மறுநாள் முகர்ந்துவிட்டு விலகுவது என்ற ஏற்ற இறக்கம் இவற்றுக்கெல்லாம் முன்னாலேயே தெரியும். பலரும் அதை ‘மாட்டுக்கு மூடு சரியில்லை’ என்று தள்ளிவிடுகிறார்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில உண்டு. வயிற்று உப்புசம் என்பது வாயு வெளியேறாமல் இடப்பக்க வயிறு ஊதுவது. இளம் பயறுவகைத் தீவனத்தை அதிகம் தின்றாலோ உணவுக்குழாயில் ஏதாவது அடைத்தாலோ வரும். கீட்டோசிஸிலும் அதே ‘ஓசிஸ்’தான், ஆனால் அது தின்றது போதாமல் உடல்கொழுப்பு கரைவதால் ரத்தத்தில் கீட்டோன் ஏறுவது. தீவனம் கூடியதால் வருவது ஒன்று, போதாமல் வருவது மற்றொன்று. ஒன்றின் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் கதை கெடும்.

அறிகுறிகள் சேர்ந்தபின் உறுதிசெய்ய வழக்கமான வழி இரைப்பை நீரை எடுத்துப் பிஎச் பார்ப்பது. கால்நடை மருத்துவர் ஊசியால் இரைப்பையிலிருந்து நேராக உறிஞ்சி எடுப்பார், அல்லது வாய்வழியாகக் குழாய் விடுவார். குழாய் வழியில் உமிழ்நீர் கலந்துவிடுவதால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். அதனால் ஊசியில் 5.5 வைக்கும் எல்லையைக் குழாயில் 5.8 ஆக வைப்பார்கள். நேரமும் முக்கியம். அடர்தீவனத்தைத் தனியாக வைத்தால் 2 முதல் 4 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்தே போடும் பண்ணையில் 5 முதல் 8 மணி நேரம் கழித்து. இதற்கும் ஒரு மாடு போதாது. ஒரே தீவனம் தின்னும் கூட்டத்திலிருந்து 12 மாடுகளில் எடுத்து, அவற்றில் மூன்றோ அதற்கு மேலோ எல்லைக்குக் கீழே இருந்தால் மருந்து தேடுவதற்கு முன் தீவனத் தொட்டியைச் சரிசெய்ய வேண்டும்.