பாவாடை நாடாவும் பின் பிரேக்கும்

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பழைய மவுண்டன் பைக். பின் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. புது பிரேக் கட்டை போட்டும் அதே கதைதான். டிஸ்க் பிரேக்குக்கு மாற்றிவிடச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?"

வேண்டாம். டிஸ்க் போட ஃபிரேமில் காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பாகம், பொருத்த இடம் வேண்டும், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. சக்கரம், ஃபிரேம் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

ரிம்மை உரசி வண்டியை நிறுத்தும் ரப்பர் கட்டை சமாச்சாரத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தால் உப்புத்தாளில் நாலு தேய்ப்பு. அதில் அலுமினியத் துணுக்குகள் மின்னினால் ஊக்கால் நோண்டி எடுங்கள். ரிம்மை ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். ரிம்மில் கட்டை உரசும் பட்டை உள்வாங்கிக் குழிந்திருந்தால் மட்டும் தயங்காமல் ரிம்மை மாற்றிவிடுங்கள், அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். எண்ணெய் கூடவே கூடாது. எங்கள் குடியிருப்பில் ஒரு தாத்தா ஆயுத பூஜைக்குப் பேரனின் சைக்கிள் ரிம் பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கினார். மறுநாள் பையன் நேராகக் கேட்டில் போய் மோதினான். திருஷ்டி என்றார்கள். எலுமிச்சை மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உராய்வை நாமே துடைத்தெடுத்துவிட்டு ஊரார் கண் மேல் பழி போடுவது நியாயமா?

சரி, வாசகியின் வண்டிக்கு வருவோம். புதுக் கட்டைக்கும் அடங்கவில்லை என்றால் என் சந்தேகம் ஒயரின் மேல். இன்னும் சரியாகச் சொன்னால், ஒயரை மூடியிருக்கும் அந்தக் கறுப்புக் குழாயின் மேல், அதாவது அவுட்டரின் மேல். அது வெறும் உறை என்றுதான் பலரும் நினைக்கிறோம். பாதி வேலை அதனுடையது.

பாவாடைக்கு நாடா கோத்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு கை நாடாவை இழுக்கும்போது இன்னொரு கை துணியை எதிர்ப்பக்கம் தள்ளும், துணி சுருங்கிக்கொண்டே போகும். அந்தத் துணி வளையும், ஆனால் சுருங்கவே சுருங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இந்த முனையில் எவ்வளவு நாடா வெளியே வருகிறதோ, அவ்வளவும் மறுமுனையில் உள்ளே போயாக வேண்டும். நடுவில் எத்தனை வளைவு இருந்தாலும் சரி. எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது இந்த ஏற்பாட்டுக்குத்தான். அவுட்டரை வெட்டிப் பாருங்கள்: பிளாஸ்டிக்குக்குள் கம்பியை நெருக்கமான சுருளாகச் சுற்றியிருப்பார்கள். சுற்றோடு சுற்று ஒட்டியிருப்பதால் வளையும், அமுங்காது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி வண்டியின் பின்னால் இருக்கிறது. வி-பிரேக்கில், ரிம்மின் இரு பக்கமும் நிமிர்ந்து நின்று கட்டைகளைத் தாங்கும் இரண்டு கைகளையும் கவனியுங்கள். ஒயரின் நுனி ஒரு கையில்தான் இறுகியிருக்கிறது. மறு கையில் ஒரு வளைந்த உலோகக் குழல் வந்து முட்டி நிற்கிறது, அவ்வளவுதான். நீங்கள் பிரேக்கைப் பிடிக்கும்போது ஒயர் ஒரு கையை இழுக்கிறது, அவுட்டர் அந்தக் குழல் வழியாக மறு கையைத் தள்ளுகிறது. ஒரே ஒயர் இரு பக்கக் கட்டைகளையும் ரிம்மில் சேர்க்கும் ரகசியம் இதுதான்.

அப்படியானால் பின் பிரேக் மட்டும் ஏன் சீக்கிரம் சோர்ந்துபோகிறது? வளைவுகள் அதிகம். முரட்டு மாட்டைப் பிடிப்பவர் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒற்றைக் கையால் நிறுத்திவிடுவார். சுற்றச் சுற்ற உராய்வின் பிடி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். அங்கே நமக்கு உதவும் இதே கணக்கு, ஒயருக்குள் நம் காலை வாருகிறது. மொத்தம் 180 டிகிரி வளைவு என்று கொள்வோம். உராய்வு எண், அதாவது எவ்வளவு உரசுகிறது என்பதன் அளவு, 0.1 இருக்கும் நல்ல ஒயரில் 10 கிலோ இழுத்தால் சுமார் 7.3 கிலோ பின்னால் போய்ச் சேரும். துருவும் பெங்களூர்ப் புழுதியும் மழைத்தண்ணீரும் குழைந்து அந்த எண் 0.3 ஆகிவிட்டால் சேருவது 4 கிலோவுக்கும் குறைவு. மீதியை அவுட்டர் தின்றுவிடுகிறது. புதுக் கட்டை என்ன செய்யும், பாவம்!

சோதிப்பது சுலபம். பிரேக்கின் இரு கைகளையும் விரலால் சேர்த்துப் பிடித்து, அந்த வளைந்த குழலைக் கழற்றிவிடுங்கள். இப்போது பிரேக் பிடியை அழுத்தி அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒயர் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு போகாமல் கரகரவென்று தேய்ந்தால் குற்றவாளி அதுதான். ஒயர், அவுட்டர் இரண்டையும் மாற்றுங்கள். நான் கடைசியாக மாற்றியபோது இரண்டுக்கும் சேர்த்து இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை.

கடையில் பிரேக் அவுட்டர் என்று அழுத்திச் சொல்லிக் கேளுங்கள். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும். பிரேக்கின் அழுத்தத்தில் அது பிளந்துவிடலாம். வெட்டிய முனை பிசிறில்லாமல் தட்டையாக இருக்கட்டும், அரம் இருந்தால் தேய்த்துவிடுங்கள். வெட்டும்போது உள்குழாய் நசுங்கியிருக்கும். அதை ஊசியால் திறந்துவிட்ட பிறகுதான் முனை மூடியைப் போட வேண்டும்.

ஒரு வாரம் ஓட்டியதும் பிடி மறுபடி தளர்ந்த மாதிரி இருக்கும். புது ஒயர் நீண்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் ஒயர் நீளவில்லை. அவுட்டரின் முனைகள் மூடிகளுக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்கும். பிடி அருகே உள்ள திருகை இரண்டு சுற்று வெளியே திருப்புங்கள், சரியாகிவிடும். அந்தத் திருகு ஒயரைத் தொடுவதுகூட இல்லை. அது தள்ளுவது அவுட்டரைத்தான்.