ஈயமில்லாத புழுவும் பாஸ் மீனின் தொண்டையும்

பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள என் படகில் ஏறுகிறவர்களிடம் நான் முதலில் கொடுப்பது ஈயக்குண்டு கோக்காத மென்பிளாஸ்டிக் புழு. புதியவர் கையில் இவ்வளவு சீக்கிரம் மீனைக் கொண்டுவரும் செயற்கை இரை வேறொன்றை நான் கண்டதில்லை. ஆனால் தொண்டையில் தூண்டில் முள் இறங்கிய மீன்களை நான் அதிகம் பார்த்ததும் இதே புழுவில்தான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

ஈயம் கோத்த புழு தலைகீழாகக் கீழே போய்விடும். கோக்காதது தன் கனத்தால் மட்டுமே இறங்குகிறது. அமெரிக்க இரைத் தயாரிப்பாளர் கேரி யமமோட்டோ உருவாக்கிய சென்கோ போன்ற புழுக்களில் பிளாஸ்டிக்கோடு உப்பும் கலந்திருக்கும். அந்தக் கனத்தில் 5 அங்குலப் புழு ஏறக்குறைய படுத்த நிலையிலேயே, முனைகள் நடுங்க, மெல்ல அமிழும். தூண்டில் நரம்பு தளர்ந்திருந்தால்தான் இந்த நடுக்கம் வரும். இறுக்கிப் பிடித்தால் புழு ஊஞ்சல் போல நம் பக்கம் வளைந்து வந்துவிடும். மீன் திரும்பியும் பார்க்காது. அதனால் வீசியதும் கோலின் நுனியைத் தாழ்த்தி, நரம்பைத் தளரவிடச் சொல்கிறேன்.

ஆபத்தும் அங்கேதான். தளர்ந்த நரம்பு வழியாகக் கைக்கு எதுவும் எட்டுவதில்லை. பாஸ் பெரும்பாலும் இரையைக் கடித்து இழுப்பதில்லை. வாயை அகலத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிக்கொண்டு, தண்ணீரை மட்டும் செவுள் வழியே வெளியேற்றுகிறது. மிருதுவான புழுவை அது அவசரப்பட்டுத் துப்புவதும் இல்லை. மீன் வெட்டி இழுப்பது கையில் தெரியட்டும் என்று காத்திருப்பவருக்கு அது தெரியும்போது, பல நேரங்களில் முள் தொண்டையைத் தாண்டிப் போயிருக்கும்.

ஒரு காலையில் என்னோடு வந்த இளைஞர் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். தண்ணீர்மேல் அரைவட்டமாகக் கிடந்த அவருடைய நரம்பு, காற்றே இல்லாத நேரத்தில், நாணல் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. நான் சொல்லி அவர் ரீலைச் சுற்றி முடிப்பதற்குள் வளைவு முழுவதும் நேராகிவிட்டது. மீன் வந்தது. வாய்க்குள் முள் தெரியவில்லை. நரம்பு மட்டும் உள்ளே போயிருந்தது, செவுள் ஓரத்தில் இரத்தம். தவறு என்னுடையது. வீசக் கற்றுக்கொடுத்த நான் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து, படகில் முதல் அரைமணி நேரம் பார்வைப் பயிற்சிதான். இந்த முறையில் நரம்புதான் தக்கை. அது துள்ளினாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் மீன் எடுத்திருக்கிறது. மூன்றாவது அறிகுறியைத்தான் பலரும் கவனிப்பதில்லை: இறங்கிக்கொண்டிருந்த நரம்பு முன்கூட்டியே நின்றுவிடுவது. முதல் வீச்சில், புழு தரையைத் தொடும் வரை எண்ணிக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் தொடும் இடத்தில் அடுத்த முறை ஏழிலேயே நின்றால், இடையில் ஏதோ அதை வாங்கிக்கொண்டது. தண்ணீரில் மிதக்கும் பின்னல் நரம்பானால், கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் வாங்கி, நுனியில் தண்ணீருக்குள் எளிதில் தெரியாத ஃபுளூரோகார்பன் நரம்பை முடிவது புதியவருக்கு நல்லது.

"மீன் நன்றாக விழுங்கட்டும், மூன்று எண்ணிவிட்டு இழு" என்ற பழைய அறிவுரையை நான் ஏற்பதில்லை. விட்டுவிடப்போகும் மீனுக்கு அது மரணதண்டனை. அறிகுறி தெரிந்த நொடியில் தளர்வைச் சுற்றி எடுத்து, கோலைப் பக்கவாட்டில் அழுத்தமாக வீசி இழுங்கள். நாலைந்து மீன் தப்பும், தப்பட்டும்.

பாசியும் மரக்கிளையும் உள்ள இடத்தில் 3/0 அல்லது 4/0 அளவுள்ள அகல வளைவு முள்ளைப் புழுவுக்குள் புதைத்துக் கோக்கலாம். திறந்த நீரில் நடுவில் குத்தித் தொங்கவிடும் வாக்கி முறை அழகாக வேலை செய்யும். ஆனால் அதில் முள்முனை வெளியே நிற்பதால், தொண்டையில் எங்கு பட்டாலும் ஏறிவிடுகிறது. இந்த முறைக்கு மட்டுமாவது முள்ளின் பின்முள்ளை, அதாவது முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு கூரை, இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்.

அப்படியும் ஆழமாக விழுங்கிவிட்டால் நரம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. மீனின் இதயம் செவுள்களுக்குச் சற்றுப் பின்னால், தொண்டைக்கு அடியிலேயே இருக்கிறது. கைகளை நனைத்துக்கொண்டு, வாய் வழியாக முள்ளின் வளைவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நீள்மூக்கு இடுக்கியால் வளைவைப் பிடித்து, குத்திய வழியே பின்னோக்கித் திருப்பினால் கழன்றுவிடும். தெரியாவிட்டாலோ, இரண்டு முயற்சியில் வராவிட்டாலோ, முள்ளுக்கு அருகிலேயே நரம்பை வெட்டிவிட்டு மீனைத் தண்ணீரில் விடுங்கள். தோண்டித் துருவுவதால் ஏற்படும் காயம், உள்ளே தங்கும் முள்ளைவிடக் கொடியது.

இன்னொன்று, கிழிந்த புழு. வாக்கி முறையில் நாலைந்து மீனுக்குள் நடு கிழிந்துவிடும். பலர் அதைக் கழற்றி அப்படியே தண்ணீரில் எறிகிறார்கள். அது மென்மையாக்கப்பட்ட பிவிசி பிளாஸ்டிக். உண்மையான புழுவைப் போல மட்கிப்போகாது. அடியில் கிடப்பதை மீன் பொறுக்கி விழுங்குகிறது, அது வயிற்றிலேயே தங்கிவிடலாம். நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, முள்ளை அந்த வளையத்தில் கோத்தால் ஒரே புழு பல மீனுக்குத் தாங்கும். என் படகில் இருக்கைக்கு அடியில் மூடி போட்ட டப்பா ஒன்று இருக்கிறது. கிழிந்த துண்டுகள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன, கரைக்கு வந்ததும் எண்ணிப் பார்க்கிறோம்.