ஃபெல்லோ பட்டம் தானாக வருவதில்லை, யாராவது எழுத வேண்டும்

கம்ப்யூட்டர் துறையில் ஒருவர் ஃபெல்லோ ஆகியிருக்கிறார் என்று சொன்னால், நம் ஊரில் பலரும் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான். தப்பில்லை, ஃபெல்லோஷிப் என்றாலே ஜேஆர்எஃப் மாதிரி ஆராய்ச்சி மாணவர்களுக்கு வரும் உதவித்தொகை என்றுதான் நமக்குப் பழக்கம். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு தொழில்முறைச் சங்கம் தன் உறுப்பினர்களில் மிகச் சிலரை மட்டும், அவர்கள் பல வருடம் செய்த வேலைக்காக, உறுப்பினர் படிநிலையின் உச்சிக்கு உயர்த்துகிற கௌரவம் அது. அதற்கு மாதச் சம்பளம் கிடையாது.

1947-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏசிஎம் என்ற கணினியியல் சங்கம் 1993-இல் இந்தப் பட்டத்தை ஏற்படுத்தியது, உறுப்பினர்களில் மேல்தட்டு 1 சதவீதம் பேருக்குத்தான் என்பது கணக்கு. 1994-இல் ஃபெல்லோ ஆனவர்களில் பிரான்சிஸ் ஆலனும் ஒருவர். இன்று நாம் எழுதும் நிரலை கம்பைலர் வேகமாக ஓடும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறதே, அந்த நுட்பங்களுக்கு அடித்தளம் போட்டவர். கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருது அவருக்கு 2006-இல்தான் வந்தது, அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அதற்கு 12 வருடம் முன்பே சக தொழில்காரர்கள் அவரை அடையாளம் கண்டுவிட்டார்கள். மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ இன்னும் கறார், ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களில் ஒரு வருடத்துக்கு 0.1 சதவீதத்துக்கு மேல் ஃபெல்லோ ஆக முடியாது, முதலில் சீனியர் மெம்பராக இருக்க வேண்டும், தன்னைத் தானே பரிந்துரைக்கவும் முடியாது.

அதாவது இன்னொருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். சில வருடங்களாக நான் இந்தப் பரிந்துரைகளை எழுதி வருகிறேன். நான் ஒருவருக்காக எழுதிய முதல் பரிந்துரை நிராகரிக்கப்பட்டது, தவறு முழுக்க என்னுடையது. நாற்பது கட்டுரைகள், இருந்த குழுக்கள், வாங்கிய பரிசுகள் என்று ஒரு பயோடேட்டாவைத்தான் எழுதி வைத்திருந்தேன். படிக்கிற குழுவுக்கு அந்த மனிதரைத் தெரியாது, அவர்கள் தேடுவது ஒரே கேள்விக்கான பதில்: இவர் இல்லாவிட்டால் இந்தத் துறையில் எது நடந்திருக்காது? அப்புறம் ஆதரவுக் கடிதங்கள். ஏசிஎம்முக்கு ஐந்து பேர் எழுத வேண்டும், நான் கேட்டவர்களில் மூன்று பேர் அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர்கள், மூவரும் ஒரே விஷயத்தை வெவ்வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார்கள். அடுத்த முறை இரண்டே இரண்டு பங்களிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரை நேரில் பார்த்தே இராத, ஆனால் அவர் முறையைத் தன் வேலையில் பயன்படுத்திய ஒரு வெளிநாட்டுப் பொறியாளரிடம் கடிதம் வாங்கினேன். அந்த வருடம் கிடைத்தது.

நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் "நமக்குக் கட்டுரையே இல்லையே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஐஇஇஇ-யில் நடைமுறைப் பொறியாளர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அப்படி ஒருவரைப் பரிந்துரைப்பதானால், அவர் என்ன செய்தார் என்பதற்கான சான்றுகளை, வெளியில் சொல்லலாம் என்ற நிறுவன அனுமதியோடு, அவர் பணியில் இருக்கும்போதே சேர்த்து வைத்துவிடுங்கள். ஓய்வு பெற்ற பிறகு பழைய அலுவலகத்தில் அவர் பேர் தெரிந்தவர்கள்கூட இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, "வாழ்த்துகள், நீங்கள் ஃபெல்லோவாகத் தேர்வாகியுள்ளீர்கள், கட்டணத்தைச் செலுத்துங்கள்" என்று பேர் கேள்விப்படாத சங்கத்திலிருந்து மெயில் வந்தால் பணம் கட்டாதீர்கள். நாமே விண்ணப்பிக்கிற எல்லாமே மோசடி என்றும் நினைத்துவிட வேண்டாம், பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டியின் ஃபெல்லோவுக்கு நாமே விண்ணப்பிக்கலாம், அது முறையானது. அதே சங்கத்தின் டிஸ்டிங்விஷ்ட் ஃபெல்லோ என்பது வேறு, 1971-இல் முதலில் அதைப் பெற்றவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் யார் தருகிறார்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

என்னை இன்னும் உறுத்துகிற ஒரு விஷயம் இருக்கிறது. என் முதல் வேலையில் எனக்கு மேலே இருந்த மேடம், வங்கிப் பரிவர்த்தனை மென்பொருளில் முப்பது வருடம் உழைத்தவர். அவருக்காக எழுத உட்கார்ந்தபோது முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஏசிஎம்மில் ஐந்து வருடம் தொழில்முறை உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், அவரோ குழந்தை பிறந்து வேலையை விட்டிருந்தபோது சந்தாவை நிறுத்தியவர், மறுபடி கட்டவே இல்லை. "விடுப்பா, அதெல்லாம் எனக்கு எதுக்கு" என்றார். நான் விடவில்லை. அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி உறுப்பினராகச் சேர வைத்தேன். இது மூன்றாவது வருடம். அவரோடு வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பேசிக்கொண்டிருக்கிறேன், இதுவரை கடிதம் எழுத ஒப்புக்கொண்டவர்கள் நான்கு பேர்.