ஊசி தாவுகிறதா? எடையை ஏற்றாதீர்கள்

இந்த வாரமும் இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளின் தாவும் ஊசி ஒன்று என் மேசைக்கு வந்துவிட்டது. ஊசிப்பகுதியை மாட்டும் ஹெட்ஷெல்லின் தலையில் ஐந்து ரூபாய் நாணயம், அதைச் சுற்றி செலோடேப். கீழே பார்த்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய அலுமினியக் கம்பி மேலே மடங்கி, ஊசி செருகியிருக்கும் கார்ட்ரிட்ஜின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கிறது. கொண்டுவந்த தம்பி கேட்கிறார், "அண்ணா, இவ்ளோ வெயிட் வெச்சும் தாவுதே, இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?" ஏற்றுங்கள் தம்பி, அம்மிக்கல்லைக்கூட ஏற்றிப் பாருங்கள்.

டர்ன்டேபிள் பழுது பார்ப்பவனாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் யாருக்கும் தனித்தனியாகச் சொல்லப் பொறுமை இல்லை. ஊசி தாவுவதற்கும் எடை குறைவாக இருப்பதற்கும் எப்போதாவதுதான் சம்பந்தம். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் ஒரு எடை வரம்பு உண்டு, பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். ஷ்யூர் எம்44-7 என்றால் 1.5 முதல் 3 கிராம் வரை. ஆர்டோஃபோன் கான்கார்ட் ஸ்கிராட்ச் எம்கே2 என்றால் 4 கிராம். பக்கத்து வீட்டு டிஜே 4 கிராமில் ஓட்டுகிறார் என்பதற்காக எம்44-7-ஐ 5 கிராமுக்கு ஏற்றினால் என்ன ஆகும்? உள்ளே கம்பியைப் பிடித்திருக்கும் சின்ன ரப்பர் நசுங்கிவிடும். ரப்பர் நசுங்கினால் கம்பி இசைத்தட்டின் பள்ளத்தோடு சேர்ந்து அசைய இடமே இல்லை, அசைய முடியாத ஊசி முன்பைவிட அதிகமாகத் தாவும். உடனே நீங்கள் இன்னும் கொஞ்சம் ஏற்றுவீர்கள். கடைசியில் அது என் மேசைக்கு வரும். ஊசியைத் தாங்கும் நீளக் கையான டோன்ஆர்மின் பின்முனையில் இருக்கும் எடைக்கட்டியை, அதாவது கவுன்டர்வெயிட்டைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினால் அழுத்தம் கூடும் என்று ஒரு யுக்தி சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதுவும் இதே நாணயம்தான், செலோடேப் மட்டும் மிச்சம்.

சரி, அப்படியானால் ஏன்தான் தாவுகிறது? நான் பார்த்த வரையில் நடுத்துளைதான் பாதிக் குற்றவாளி. தட்டின் துளை லூஸாக இருந்தால் ஸ்கிராட்சுக்காகக் கையால் முன்னும் பின்னும் தள்ளும்போது தட்டே பக்கவாட்டில் நகரும், ஊசி பாவம் என்ன செய்யும்? துளையின் ஓரத்தில் சின்னத் துண்டு டேப் ஒட்டிப் பாருங்கள். அப்புறம் தட்டுக்கு அடியில் போடும் ஸ்லிப்மேட் தேய்ந்திருக்கும், தட்டு வளைந்திருக்கும், மேசை ஆடும், டோன்ஆர்ம் உயரம் சரியாக இருக்காது, இல்லையென்றால் உங்கள் கை தட்டை நகர்த்தாமல் அழுத்திக்கொண்டிருக்கும். ஸ்கிராட்ச் செய்கிறவர்கள் பலரும் டோன்ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில்தான் வைத்திருப்பார்கள், அதையும் ஒருமுறை பாருங்கள். எடை சரிபார்ப்பது கடைசி வேலை. அதையும் ஒழுங்காகச் செய்யுங்கள்: முதலில் டோன்ஆர்ம் அந்தரத்தில் மட்டமாக நிற்கும்படி சமன்செய்து, எண் வளையத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் கிராம் கணக்கு. கார்ட்ரிட்ஜ் மாற்றினால் இதை முதலிலிருந்து செய்ய வேண்டும், ஏனென்றால் அதன் சொந்த எடை வேறு. குட்டி டிஜிட்டல் தராசு விலை குறைவுதான், புது ஊசியைவிட நிச்சயம் குறைவு.

இப்போது எதை வாங்குவது என்ற கேள்வி. கையைத் தட்டில் வைத்து முன்னும் பின்னும் தேய்க்கிறவருக்கு உருண்டை முனை ஊசி. யோசிக்கவே வேண்டாம். நீள்வட்ட முனை பள்ளத்தின் நுணுக்கங்களை நன்றாக எடுக்கும், ஆனால் ஓயாமல் பின்னோக்கி ஓட்டுவதற்கு அது ஆள் இல்லை, தட்டையும் சீக்கிரம் தேய்க்கும். ஸ்கிராட்ச் இல்லை, பாட்டோடு பாட்டைக் கலப்பது மட்டும்தான் என்றால் கான்கார்ட் கிளப் போல நீள்வட்ட முனை உள்ளதை எடுக்கலாம். சத்தமும் வேறுபடும். எம்44-7 சுமார் 9.5 மில்லிவோல்ட் தரும், வீட்டு ஹைஃபை கார்ட்ரிட்ஜ்கள் பல 3 முதல் 5-க்குள். மிக்ஸரில் ஊசியின் சின்ன சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பகுதி எளியதாக இருந்தால் அதிக வோல்ட்டில் ஒலி கரகரக்கும், நீங்கள் தட்டைத் திட்டுவீர்கள். இரண்டு டர்ன்டேபிளிலும் ஒரே மாடல் போடுங்கள், தயவுசெய்து. மூவிங் காயில் என்ற கார்ட்ரிட்ஜ் வகை விலை அதிகம், அதனால் நல்லதாகத்தான் இருக்கும் என்று டிஜே வேலைக்கு அதை வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: அதில் பெரும்பாலும் ஊசியை நீங்களே கழற்றி மாற்ற முடியாது.

ஹெட்ஷெல்லில் நீங்களே ஒயர் மாட்டினால் வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. ஒரு பக்கத்தின் இரண்டு ஒயர்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுத்துவிட்டால் பேஸ் காணாமல் போகும், ஸ்பீக்கர் பழுது என்று ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். வந்திருக்கிறார்கள்.

இது வேண்டுகோள். தாத்தா வைத்திருந்த எக்கோ, இன்ரெகோ நிறுவனங்களின் இசைத்தட்டுகளை ஸ்கிராட்ச் ஊசிக்கு அடியில் வைக்காதீர்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அந்தப் பள்ளம் வெளுத்துப்போய் இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிடும், எந்தக் கழுவலும் அதை எடுக்காது. இளையராஜா பாட்டில்தான் ஸ்கிராட்ச் செய்ய வேண்டும் என்று ஆசையா, நல்ல ஆசைதான். வீட்டு கார்ட்ரிட்ஜில் ஒருமுறை ஓட்டி கணினியில் பதிவுசெய்து, செராட்டோ என்ற டிஜே மென்பொருளின் டைம்கோட் தட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டில் இருப்பது கணினியில் உள்ள பாட்டை நகர்த்தும் வெறும் கட்டுப்பாட்டு ஒலி, தேய்ந்தால் வேறொன்று வாங்கலாம்.

ஷ்யூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதனால் "புத்தம்புது ஒரிஜினல் எம்44-7 ஊசி, பாதி விலை" என்று யாராவது விற்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஜப்பானின் ஜைகோ செய்யும் மாற்று ஊசி நம்பகமானது, நானும் அதைத்தான் போடுகிறேன். அப்புறம், என்னிடம் ஊசி கொண்டுவருகிறவர்கள் அதன் பிளாஸ்டிக் மூடியை மாட்டிக் கொண்டுவாருங்கள், சாவிக்கொத்தோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.