எலுமிச்சைச் சாறும் உச்சி வெயிலும்

தோட்டத்து எலுமிச்சையைப் பறித்து வெயிலில் பிழிந்து விளையாடிய பிள்ளைக்கு அன்றைக்கு ஒன்றும் ஆவதில்லை. மறுநாள்தான் தோல் சிவந்து எரிகிறது; இரண்டு மூன்று நாட்களில் கொப்புளமும் எழலாம். என்ன சாப்பிட்டான், எந்தப் பூச்சி கடித்தது என்று வீடே ஆராயும். எலுமிச்சை யாருக்கும் நினைவுக்கு வராது.

இது ஒவ்வாமை அன்று. ஒவ்வாமை சிலருக்கே வரும். அதற்கு உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பொருளை முன்பே சந்தித்திருக்க வேண்டும். இதற்கு அப்படி எதுவும் வேண்டாம். போதிய சாறும் போதிய வெயிலும் சேர்ந்தால் யாருடைய தோலும் புண்ணாகும்.

காரணம் ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள். பூஞ்சையிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி உண்டாக்குவது இது. பழத்தின் சதையைவிடத் தோலில்தான் மிகுதி. இதன் தட்டையான மூலக்கூறுகள் நம் தோல் செல்லுக்குள் நுழைந்து, ஏணிபோல் அமைந்த டி.என்.ஏ. என்ற மரபுப்பொருளின் படிகளுக்கு நடுவே செருகிக்கொள்கின்றன. 320 முதல் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் ஏணியின் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. செல் மடிகிறது. சாதாரண சன்னல் கண்ணாடி இந்தக் கதிரை முழுதாகத் தடுப்பதில்லை. சீமை அத்தியின் பாலிலும் கார்போக அரிசி என்ற மருந்து விதையிலும் இதே வகைப் பொருள் உண்டு. வெண்புள்ளி நோய்க்குக் கார்போக அரிசியை நம் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்ததும், வெயிலோடு சேர்ந்து தோலைக் கருக்கச் செய்யும் இந்த ஆற்றலால்தான்.

புண்ணின் வடிவம்தான் முக்கியத் தடயம். சாறு வழிந்த வழியெல்லாம் கோடாக, சொட்டிய இடத்தில் பொட்டாக இருக்கும். எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்கியிருந்தால், விரல் தடம் அப்படியே முதுகில் பதியும். அதைப் பார்த்துக் குழந்தையை யாரோ அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஒரு தாய்க்கு அதைவிடக் கொடுமை உண்டா? சிவந்த தடத்தைக் காட்டும்போது, அதற்கு முந்தைய நாள் குழந்தை எங்கே விளையாடியது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாறு பட்டதும், வெயிலுக்குப் போகுமுன், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். புண் வந்துவிட்டால் குளிர்ந்த ஈரத்துணி வைத்து, அந்த இடத்தில் வெயில் படாமல் மூடுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறியபின் தங்கும் கருந்தழும்பு மறைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நிறம் மாறட்டும் என்று அதன்மேல் எலுமிச்சையையே தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.