பைசாந்தியக் காசைக் கழுவும் முன், உரைக்கும் முன்

மண்ணுக்குள் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் தாக்குப்பிடித்த பைசாந்தியக் காசுகள், சேகரிப்பாளரின் கைக்கு வந்த சில நாட்களிலேயே பாழாவதைப் பழங்காசுகளைத் துப்புரவு செய்து பாதுகாக்கும் என் தொழிலில் அடிக்கடி பார்க்கிறேன். இன்றைய துருக்கியை மையமாகக் கொண்டிருந்த கிழக்கு ரோமப் பேரரசின் காசுகள் இவை; உலோகமும் உருவமும் நூற்றாண்டுதோறும் மாறிய வரிசை இது. எந்த அரசர் காலத்துக் காசு எப்படி இருக்க வேண்டும் என்று அறியாதவருக்குச் சரியான காசும் குறையுள்ளதாகவே தோன்றும். அதைச் சரிசெய்யப் போய்த்தான் கெடுக்கிறார்கள்.

முதலில் தங்கம். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் வகுத்த சாலிடஸ் என்ற தங்கக் காசு, ஒரு ரோமானிய ராத்தலுக்கு 72 காசுகள் என்ற கணக்கில், ஏறத்தாழ 4.5 கிராம் எடையில், மாற்று (தங்கத்தின் தூய்மை) பெரிதாகக் குறையாமல் ஏழு நூற்றாண்டுகள் புழங்கியது. நான்காம் மைக்கேல் (1034–1041) காலத்தில் இறங்கத் தொடங்கிய மாற்று, ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் ஆட்சியின் முடிவில் 18 காரட் அளவுக்கும், மூன்றாம் நிக்கிஃபோரஸ் (1078–1081) காலத்தில் 8 காரட் அளவுக்கும் சரிந்தது. ஆகவே நிக்கிஃபோரஸின் காசு வெளிறித்தான் இருக்க வேண்டும். நல்ல மஞ்சளாகப் பளபளத்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இதை அறியாமல், "நிறம் சரியில்லை, போலியோ?" என்று பத்தரிடம் கொண்டுபோய் உரைகல்லில் தேய்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த உராய்வை எவராலும் அழிக்க முடியாது. நகைக்கடையின் காரட் இயந்திரமும் முழு விடை தராது. மண்ணில் கிடந்த கலப்புத் தங்கத்தின் மேற்பரப்பிலிருந்து செம்பும் வெள்ளியும் கரைந்து போயிருப்பதால், மேற்பரப்பை மட்டும் படிக்கும் அந்த இயந்திரம் உள்ளதைவிட உயர்ந்த மாற்றைக் காட்டக்கூடும். காற்றிலும் நீரிலும் நிறுத்து அடர்த்தியைக் கணக்கிடுவது காசுக்குச் சேதம் தராத வழி. ஆனால் கிண்ணம்போல் குழிந்த காசின் அடியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு தவறிவிடும்.

அந்தக் குழிவு விபத்தால் வந்ததன்று. 11ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பல தங்கக் காசுகளைக் குழிவாகவே அடித்தார்கள். 1092இல் முதலாம் அலெக்சியஸ் நாணய முறையைச் சீர்திருத்திக் கொண்டுவந்த 20.5 காரட் தங்கக் காசான ஹைப்பர்பைரானும், வெள்ளியும் செம்பும் கலந்த டிராக்கி என்ற காசும் அந்த வடிவிலேயே வந்தன. வளைந்துவிட்டது என்றெண்ணி அவற்றைத் தட்டி நிமிர்த்தினால் விளிம்பிலிருந்து நடுவரை வெடிக்கும். டிராக்கியின் மேலிருந்த மெல்லிய வெள்ளிப்பூச்சில் எஞ்சியது ஏதேனும் இருந்தால், புளியோ எலுமிச்சையோ பட்ட கணத்தில் அதுவும் போய்விடும்.

உருவங்களின் கதை இன்னும் சுவையானது. இரண்டாம் ஜஸ்டினியன் தன் முதல் ஆட்சியின் இறுதியாண்டுகளில், 695க்குச் சற்று முன்பு, முகப்பில் கிறிஸ்துவை வைத்துத் தன்னைப் பின்புறத்துக்கு நகர்த்திக்கொண்டார். அவருக்குப் பின் மறைந்த கிறிஸ்து, புனித உருவங்களை வணங்கக் கூடாது என்ற படிம எதிர்ப்பு இயக்கம் 843இல் முடிந்த பின்னரே, மூன்றாம் மைக்கேலின் தங்கக் காசில் அந்தப் பழைய வடிவத்தைத் தழுவித் திரும்ப வந்தார். 970 வாக்கிலிருந்து 1092 வரை வெளியான ஃபாலிஸ் என்ற செப்புக் காசுகளில் பெரும்பாலானவற்றிலோ அரசரின் பெயரும் இல்லை, முகமும் இல்லை. அவற்றில் பலவற்றில் கிறிஸ்து மட்டுமே இருக்கிறார்.

பெயரில்லாத இந்தக் காசுகளை வரிசைப்படுத்த நாணயவியலாளர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது மறு அச்சு. புதுக் காசுக்கென்று தகடு வார்க்காமல், பழைய காசின் மேலேயே புது அச்சை வைத்து அடித்திருக்கிறார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், சிலுவையின் கைக்கு அடியில் ஒரு மங்கலான வளைகோடும் அதனுள் இரண்டு மூன்று புள்ளிகளும் தெரியும்: அது முந்தைய காசிலிருந்த கிறிஸ்துவின் ஒளிவட்டம். மேலே இருப்பது பிந்தியது, அடியில் இருப்பது முந்தியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. பித்தளைப் பாலிஷோ கம்பித் தூரிகையோ முதலில் தின்பது இந்த மங்கலான கோடுகளைத்தான். ஆகவே செப்புக் காசில் ஒட்டிய மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பச்சையோ பழுப்போ, இறுகிப் படிந்த களிம்பு அப்படியே இருக்கட்டும்.

வெளிர்பச்சையாக மாவுபோல் உதிரும் புள்ளிகள் மட்டும் வேறு வகை. குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும் நோய் அது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களின் காற்றில் அது வேகமாகப் பரவும். அந்தக் காசைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில், ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்குமாறு வைத்துவிட்டுப் பழங்காசுப் பாதுகாப்பாளரை அணுகுங்கள். மென்மையான பிவிசி உறைகள் நாளடைவில் அமிலத்தை உமிழ்வதால், எந்தக் காசுக்கும் அவை ஆகாது.

வாங்கும்போது காசைப் பார்க்கும் அதே கவனத்தோடு அதன் தாளையும் பாருங்கள். துருக்கியில் மண்ணிலிருந்து கிடைக்கும் பழங்காசுகள் 1983ஆம் ஆண்டின் 2863ஆம் எண் சட்டப்படி அரசுக்கு உரியவை. எனவே பழைய ஏலப் பட்டியலோ ரசீதோ காட்ட முடியாத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.